துணைக்குரல்

லோகநாதனின் இடது மணிக்கட்டில் ஒட்டியிருந்த பட்டையைச் செய்தவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி கோகிலவாணி. தன் குரல் கணவருக்குள் எதையும் அசைக்கவில்லை என்பதை அந்தப் பட்டையிடமிருந்துதான் அவள் தெரிந்துகொண்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் அன்று குரல் தேர்வு நடந்தது. லோகநாதன் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளர். வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கண் திறந்தார். ஆனால் அந்தக் கண்கள் யாரையும் பார்க்கவில்லை. பேச்சும் இல்லை, அசைவும் இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஆண்டுகளில் ஒரு புதுச் சிகிச்சை வந்திருந்தது. மனம் நம்பும் ஒரு குரலைக் கேட்டால் மூளையில் ஒரு பொருள் சுரக்கிறது. அது சுரக்கும் நேரத்தில் பழுதான நரம்புகள் வேகமாக ஒட்டிக்கொள்கின்றன என்று மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அந்தப் பொருளின் ரசாயனப் பெயரை ஒரே மூச்சில் யாராலும் சொல்ல முடியாது. நர்சுகள் அதற்குத் ‘தணிப்பு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் மிகச் சிறு பங்கு வியர்வையில் கலந்து வரும். பட்டை அதைப் பிடித்து அளக்கும். எந்தக் குரலுக்குத் தணிப்பு அதிகம் ஏறுகிறதோ அவர்தான் நோயாளியின் துணைக்குரல். தினமும் மதியம் அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து பேச வேண்டும். குரல்கள் கலந்தால் முன்னேற்றம் தடைப்பட்டதால் அந்த விதியில் மருத்துவமனை கண்டிப்பாக இருந்தது.

தலையணை ஓரத்து ஒலிபெருக்கியில் முதலில் கோகிலவாணியின் குரல் ஒலித்தது. திரையில் இரண்டு கோடுகள், நீலமும் சிவப்பும், தரையோடு தரையாகப் போயின. லோகநாதனின் தங்கை தங்கமணியின் குரலுக்கும் அப்படியே. கம்பெனி நண்பரின் குரலுக்கு ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான். டாக்டர் கிருபாகரன் வேறு யாராவது உண்டா என்று கேட்டபோது, தங்கமணி அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் தன் செல்போனை நீட்டினாள். அதில் பதிவாகியிருந்த செய்தியில் ஒரு பெண் சுருக்கமாக, கொஞ்சம் கூச்சத்தோடு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள்.

இரண்டு கோடுகளும் சேர்ந்து எழுந்தன. குரல் நின்ற பிறகும் சிறிது நேரம் உயரத்திலேயே நின்றுவிட்டு மெதுவாக இறங்கின.

அது சுபத்ராவின் குரல். லோகநாதனின் முதல் மனைவி. விவாகரத்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோகிலவாணி அவளை அதுவரை நேரில் பார்த்ததில்லை.

பட்டை வந்த நாளிலிருந்து அதை ஒட்டவும் மாற்றவும் அங்கே வந்துபோன கோகிலவாணி, அந்த நடைபாதையில் பல குடும்பங்கள் இப்படி உடைந்ததைப் பார்த்திருக்கிறாள். மில் முதலாளி ஒருவருக்கு மூன்று மகன்கள் இருந்தும் கார் ஓட்டுநரின் குரலுக்குத்தான் தணிப்பு ஏறியது. மகன்கள் அந்த ஓட்டுநரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு அம்மாவுக்கு உயிரோடிருக்கும் யாருடைய குரலும் பிடிக்கவில்லை. அப்போதெல்லாம் கோகிலவாணி, இது அன்பை அளக்கும் கருவி இல்லை, ஒரு பொருளை அளக்கும் கருவி, மனதில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று உறவினர்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அன்று டாக்டர் அதே வார்த்தைகளை அவளிடம் சொன்னார். அந்த வார்த்தைகளில் ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுபத்ரா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். தங்கமணி கெஞ்சியதால் வந்தாள். ஒல்லியான உருவம், இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. கோகிலவாணி அவளிடம் அழகு இருக்கிறதா என்று தேடினாள். பெரிதாக ஒன்றும் இல்லை. அது அவளுக்கு நிம்மதி தரவில்லை. அழகு இல்லாமலே இது நடந்திருக்கிறதே என்று இன்னும் எரிந்தது.

உள்ளே போகுமுன் சுபத்ரா, இந்தக் கருவியைப் பற்றித் தனக்கு விளங்கும்படி சொல்ல முடியுமா என்று கேட்டாள். செய்தவள் என்ற முறையில் கோகிலவாணிதான் சொல்ல வேண்டியிருந்தது.

“வேர்வையில இருக்கற ஒரு பொருளைப் பாக்குதுங்க. பட்டைக்குள்ள நொதின்னு ஒண்ணு தடவியிருக்கோம். அது அந்தப் பொருளை மட்டுந்தான் பிடிச்சு உடைக்கும். உடையறப்ப துளி மின்சாரம் வரும். நீலக் கோடு அதுதானுங்க.”

“சிவப்பு?”

“அது சூடுங்க. உடையற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடும் வரும். நம்ம கைக்குத் தெரியாது. கடுகைவிடச் சின்னதா ஒரு வெப்பமானி வச்சிருக்கோம், அதுக்குத் தெரியும்.”

“ரெண்டு எதுக்குங்க? ஒண்ணு போதாதா?”

“மின்சாரத்தை மட்டும் நம்புனா ஏமாந்துருவோமுங்க. காய்ச்சல் மாத்திரை குடுத்தா அதுவும் வேர்வையில வந்து, நொதியைத் தொடாமலே மின்சாரத்தைக் குடுத்துப்போடும். நீலம் ஏறும், ஆனா சிவப்பு அசையாது. ரெண்டும் ஒண்ணா ஏறுனாத்தான் நெசம்.”

“அப்ப என்னோட குரலுக்கு ஏறுனது?”

“நெசந்தானுங்க,” என்றாள் கோகிலவாணி.

மின்சார அளவீட்டு முறை கோகிலவாணியுடையது. சூட்டை அளக்கும் யோசனை, பட்டையைத் தயாரிக்கும் கம்பெனியில் அவளோடு வேலை பார்த்த ஷமீமாவுடையது. பக்கத்திலேயே நொதி தடவாத இன்னொரு புள்ளியை வைத்து, இரண்டின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் உடம்பில் காய்ச்சல் அடித்தாலும் கணக்கு தப்பாது என்று ஷமீமா பல மாதம் போராடி நிரூபித்தாள். கம்பெனிக் கூட்டங்களில் கோகிலவாணி அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு காவல்காரன் என்று சிரித்தபடி சொல்வாள். வேலையெல்லாம் நீலம் செய்கிறது, சிவப்பு சும்மா நின்று பார்க்கிறது என்பாள். ஷமீமா அதற்குப் பதில் பேசியதில்லை.

சுபத்ரா தினமும் மதியம் பஸ்ஸில் வந்தாள். கோகிலவாணி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தாள். உள்ளே பேசுவது கேட்காது. சுபத்ராவின் உதடுகளும், சில சமயம் அவளாகவே சிரித்துக்கொள்வதும், திரையில் ஏறும் கோடுகளும் மட்டும் தெரியும். என்ன பேசினீர்கள் என்று ஒருநாள் கேட்டபோது, துணியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்ததைப் பற்றிப் பேசினேன் என்றாள் சுபத்ரா. சாயத்துக்கா இவ்வளவு ஏறுகிறது என்று கோகிலவாணிக்கு ஆத்திரமாக வந்தது.

சின்னச் சின்ன விஷயங்கள் குத்தின. அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால்தான் தூக்கம் வரும் என்று சுபத்ரா நர்சிடம் சொல்லிவிட்டுப் போனாள். கோகிலவாணிக்குத் தெரிந்த லோகநாதன் வலது பக்கம் திரும்பித்தான் தூங்குவார். இந்த மனிதர் தன்னிடம் வருவதற்கு முன்பே ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறார், அதில் வேறு பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்ற நினைப்பை அவளால் விழுங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் கட்டிலின் இடது பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு வாரத்தில் லோகநாதனின் கண்கள் குரல் வரும் திசைக்குத் திரும்பத் தொடங்கின. எல்லோரும் மகிழ்ந்தார்கள். கோகிலவாணியும் மகிழ்ந்தாள்தான். ஆனால் அந்தக் கண்கள் போய் நின்ற இடத்தில் சுபத்ரா இருந்தாள்.

மாதம் ஒருமுறை மறுதேர்வு வைப்பது வழக்கம். அந்த நாள் நெருங்கியபோது கோகிலவாணி அதைச் செய்தாள். பட்டையை மாற்றும் பொறுப்பு அவளுடையது. ஒட்டுவதற்கு முன், வெப்பமானிக்குப் போகும் மயிரிழைக் கம்பியை இடுக்கியால் அறுத்துவிட்டாள். காலையில் அவருக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது என்று சொல்லி, நர்சு மூலம் காய்ச்சல் மாத்திரையைக் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுக்கச் செய்தாள். மாத்திரை வியர்வையில் ஏறிவர நேரம் பிடிக்கும் என்பதால், தேர்வில் தன் குரலைக் கடைசியாக வைக்கச் சொன்னாள்.

சிவப்புக் கோடு திரையில் வரவில்லை. டாக்டர் கேட்டார். அந்தத் தொகுதிப் பட்டைகளில் வெப்பமானி சரியில்லை, மாற்று வர நாளாகும், நீலத்தை வைத்தே முடிவு செய்யலாம் என்று கோகிலவாணி சொன்னாள். செய்தவளே சொல்லும்போது அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும். சுபத்ராவின் குரலுக்கு நீலம் ஏறியது. அதற்குப் பிறகு வந்த கோகிலவாணியின் குரலுக்கு இன்னும் உயரமாக ஏறியது. டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனி வர வேண்டியதில்லை என்று சொன்னபோது சுபத்ரா சண்டை போடுவாள் என்று கோகிலவாணி எதிர்பார்த்தாள். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தான் இவ்வளவு தவித்த ஒன்றை ஒருத்தி இப்படி இலேசாக விட்டுவிட்டுப் போகிறாளே என்று அதற்கும் கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை.

பிறகு வந்த மதியங்கள் அவளுடையவை. வால்பாறைக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டதைப் பேசினாள். மாடியில் அவர் வைத்த எலுமிச்சைச் செடி பூத்திருக்கிறது என்றாள். உடம்பு வலிக்குமே என்று மாத்திரையும் கொடுக்கச் செய்தாள். நீலக் கோடு ஏறும். அது எதனால் ஏறுகிறது என்று உலகத்தில் யாரைவிடவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அதைப் பார்க்கும்போது மனம் குளிர்ந்தது. மெல்ல மெல்ல, கொஞ்சமாவது உண்மையும் அதில் கலந்திருக்கும் என்று நம்பத் தொடங்கினாள்.

லோகநாதனின் கண்கள் திரும்புவது நின்றது. விரல்கள் உள்பக்கம் மடங்கி இறுகின. பகலிலும் தூங்கிக்கொண்டே இருந்தார். துணைக்குரலுக்கு இவ்வளவு நன்றாக ஏறியும் ஏன் இப்படி என்று டாக்டருக்குப் புரியவில்லை. இனிச் சிகிச்சையை நிறுத்திவிட்டு, நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொன்னார். கோகிலவாணி தலையாட்டினாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஷமீமாதான் கண்டுபிடித்தாள். குறையுள்ள தொகுதி என்று ஒன்று கம்பெனியில் இல்லவே இல்லையே என்று அவளுக்கு உறுத்தியிருக்கிறது. நோயாளியைப் பார்க்க வந்தவள்போல வந்து, கழற்றிப் போட்டிருந்த பழைய பட்டையை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு கோகிலவாணியைக் காத்திருப்போர் அறைக்குக் கூட்டிப் போனாள்.

“கோகிலாக்கா, இந்தக் கம்பி தானா அறுந்துச்சா, நீங்க அறுத்தீங்களா?”

கோகிலவாணி பட்டையை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“தானா அறுந்தா முனை இழுபட்டிருக்கும். இது வெட்டுன முனை.”

“நான்தான் ஷமீமா.”

“எதுக்குக்கா?”

“எட்டு வருசம் அவரோட இருந்திருக்கேன். என்னைத் தெரியலைன்னு உன்னோட சூடு சொல்லுது. அந்தம்மா வந்து சாயத்தைப் பத்திப் பேசுனா ஏறுது. என்னால அதைப் பார்த்துட்டு உட்கார முடியல.”

ஷமீமா திட்டவில்லை. “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா நீங்க சொல்லலைன்னா அவரு செத்துருவாரு. அதுக்கு அப்பறம் ஜெயிச்சு என்ன பண்ணுவீங்க?”

அன்று மாலையே கோகிலவாணி டாக்டர் கிருபாகரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் அதன் பிறகு ஒருபோதும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கம்பெனிக்கும் சொன்னாள். நோயாளி ஒருவரிடம் அளவைத் திரித்த ஒருத்தியை வைத்துக்கொள்ள முடியாது என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது. சுபத்ராவை மறுபடி அழைக்க வேண்டும். தங்கமணி போகிறேன் என்றாள். கோகிலவாணி தானே போவதாகச் சொல்லித் திருப்பூருக்கு பஸ் ஏறினாள்.

சுபத்ராவின் கம்பெனியில் பளீரென்ற விளக்குகளுக்குக் கீழே நீண்ட மேஜைகள். பெண்கள் பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத் தையல் பிரிந்ததையும் கறை பட்டதையும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். சுபத்ரா அவளைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தாள். நடந்ததைக் கோகிலவாணி மறைக்காமல் சொன்னாள். சுபத்ரா கேட்டுவிட்டுத் தான் வரப்போவதில்லை என்றாள்.

“நான் எதுக்குங்க வரோணும்? பத்து வருசம் அந்த வீட்டுல இருந்தேன். அவரு கெட்டவரு இல்லீங்க. குடிக்கல, அடிக்கல. பேசல, அவ்வளவுதான். சாப்புட்டீங்களான்னு கேட்டா தலையை ஆட்டுவாரு. சொவத்துக்கிட்டப் பேசற மாதிரி நானே பேசிப் பேசி ஓஞ்சுபோய்த்தான் வெளிய வந்தேன். இப்ப மறுபடியும் பேசாத மனுசன்கிட்ட உட்கார்ந்து பேசுன்னு கூப்படறீங்க.”

கோகிலவாணிக்கு அது புதிதாக இருந்தது. “எங்கிட்ட அப்படி இல்லீங்க,” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள். “பேசிட்டே இருப்பாரு. சமையல்கட்டுல நின்னு பேசுவாரு. குளிக்கப் போறப்பவும் கதவுக்கு வெளிய நின்னு பேசுவாரு.”

சுபத்ராவின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. முகம் சட்டென்று மூப்படைந்ததுபோல் ஆனது.

“என்ன பேசுவாருங்க?”

“என்ன வேணாலுங்க. கம்பெனியில நடந்தது. ரோட்டுல பார்த்தது.”

“அப்படிங்களா,” என்றாள் சுபத்ரா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நான் பொய் சொல்லக் கூடாதுங்க. கேக்கறப்ப வயிறு எரியுது,” என்றாள்.

தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த உலகத்தில் ஒருத்தி இருப்பாள் என்று கோகிலவாணி நினைத்ததே இல்லை. அதில் மகிழ்ச்சியும் வரவில்லை. எதிரே இருப்பவளுக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் மிகத் துல்லியமாகத் தெரிந்தது. இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள். அடுத்த நாள் மதியம் சுபத்ரா மருத்துவமனைக்கு வந்தாள்.

பட்டை புதியது, ஷமீமா ஒட்டியது. சுபத்ரா வாயைத் திறந்ததும் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று விடாமல் ஏறின. வாரங்கள் போயின. விரல்கள் பிரிந்தன. கண்கள் மறுபடி திரும்பின. ஒருநாள் குழறலாக, ஆனால் தெளிவாகப் புரியும்படி, லோகநாதன் சுபா என்று கூப்பிட்டார். வெளியே கண்ணாடி ஓரத்தில் நின்ற கோகிலவாணி உதடுகளைப் பார்த்தே அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டாள்.

பேச்சு வந்த வேகம் எல்லோரையும் வியக்க வைத்தது. அதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது. சிலிண்டர் வந்துவிட்டதா என்று அவர் சுபத்ராவைக் கேட்டார். என்றோ இடித்துக் கட்டிவிட்ட ஒரு வாடகை வீட்டின் தண்ணீர்த் தொல்லையைப் பற்றிப் பேசினார். கண்ணாடியைப் பார்த்து, நோயில் தலை இவ்வளவு நரைத்துவிட்டதா என்றார். டாக்டர் பல கேள்விகள் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கடைசிப் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் அவரிடம் இல்லை. ரத்தம் கசிந்த இடத்தோடு அவை அழிந்துவிட்டன. அவரைப் பொறுத்தவரை சுபத்ராதான் இன்னும் அவர் மனைவி. கோகிலவாணியின் குரலுக்குக் கோடு ஏறாததில் அதிசயமே இல்லை. அவர் காதில் அது முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல். உடனே உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டார், கொஞ்ச காலம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவருக்குப் பேச்சு வந்த பிறகு, டாக்டரின் அனுமதியோடு கோகிலவாணி முதன்முறை உள்ளே போனபோது லோகநாதன் சிரமப்பட்டுக் கைகூப்பினார். “வணக்கங்க. டாக்டருங்களா?”

“இல்லீங்க. கையில இருக்கற பட்டை, அதைச் செஞ்ச கம்பெனியில இருந்தவளுங்க,” என்றாள். பொய் இல்லாத பதில் அது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது.

அந்த நாட்களில்தான் அவளுடைய பொறாமை உச்சத்துக்குப் போனது. முன்பு அவள் பயந்தது ஒரு பழைய உறவைப் பார்த்து. இப்போது அங்கே பழையது எதுவுமே இல்லை. உள்ளே இருப்பவர்கள் கணவனும் மனைவியும், வெளியே நிற்பவள் அந்நியப் பெண். கழுத்துத் தாலியைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. சுபத்ராவும் முன்போல் நேரமானதும் கிளம்பவில்லை. மாலை வரை இருந்தாள். கோகிலவாணி அதைக் கவனித்தாள். கவனித்தது சுபத்ராவுக்கும் தெரிந்தது.

ஒரு மாலை சுபத்ரா நடைபாதையில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மறைக்காமச் சொல்றேனுங்க. எந்திரிச்சு வர மனசு வரலை. அன்னிக்கெல்லாம் எந்தப் பேச்சுக்குக் காத்துக் கெடந்தேனோ அதை இன்னிக்கு நாள் பூரா பேசறாரு. நர்சு நடக்கறதைச் சொல்லிச் சிரிக்க வைக்கறாரு. அப்படியே இருந்தறலாமான்னு ரெண்டு மூணு நாளா ரோசனை.”

கோகிலவாணி புடவைக்குள் மறைத்திருந்த தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“ஆனா நான் கட்டிக்கிட்ட மனுசன் இவரு இல்லீங்க. அவரு பேசத் தெரியாதவரு. எட்டு வருசம் உங்ககிட்டப் பேசிப் பேசிப் பழகியிருக்காரு. நெனப்புத்தான் போயிருக்குது, பழக்கம் போகலை. நீங்க பழக்கி விட்டதை நான் உட்கார்ந்து கேட்டுட்டிருக்கேன். அது எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. தெரிஞ்சதுக்கு அப்பறம் காதுல ஏற மாட்டேங்குது.”

அவள் கண்களைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டுவிட்டாள். டாக்டரிடம் பேசிவிட்டதாகவும், மூளை ஓரளவு தேறிவிட்டதால் இனி வேறு குரலும் கேட்கலாம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். கம்பெனியில் ஏற்றுமதி வேலை நெருக்கடி என்று லோகநாதனிடம் சொல்லி வருவதைக் குறைத்துக்கொள்வதாகவும், கோகிலவாணி உள்ளே போய் உட்கார வேண்டும் என்றும் சொன்னாள். அவரிடம் உண்மையைச் சொல்லும் நாள் வரும்போது தானும் கூட இருப்பதாக வாக்குக் கொடுத்தாள்.

கோகிலவாணி உள்ளே போய் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வால்பாறை மழையைப் பேச முடியாது, எலுமிச்சைச் செடியைப் பேச முடியாது. இருவருக்கும் பொதுவாக எதுவுமே இல்லாத ஒருவரிடம் என்ன பேசுவார்கள்? அவரே தொடங்கினார். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். சொன்னாள். மின்சாரம், சூடு, இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுவரை சொன்னாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “மோட்டார்ல நாங்களும் அதேதானுங்க பண்றோம். கரண்டு சரியா எடுக்குதுன்னு விட்டுட்டுப் போயிரக் கூடாது. பாடியைத் தொட்டுப் பார்க்கோணும். பேரிங் போகப்போகுதுன்னா மீட்டருக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிரும்,” என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். அவள் கேட்டாள். கேள்வி கேட்டாள். அவள் ஒரு கேள்வி கேட்டால் அவர் மூன்று பதில் சொன்னார்.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. அவள் திரையைப் பார்க்கும் பழக்கத்தை விட்டிருந்தாள். திரையைத் தன் கண்ணில் படாதபடி திருப்பி வைத்ததே அவள்தான். ஒருநாள் பட்டையை மாற்ற வந்த ஷமீமா மட்டும் அதில் இரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டு, கோகிலவாணியின் தோளை அழுத்திவிட்டுப் போனாள்.

பிசியோதெரபி முடிந்து லோகநாதன் தடியை ஊன்றி நாலடி நடக்கத் தொடங்கிய ஒரு மதியம், கோகிலவாணி வழக்கம்போல் வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் வந்தது தெரிந்தும் உடனே பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று அவள் கேட்டாள்.

“அதெல்லாம் இல்லீங்க. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இனிமே இப்படித் தினமும் வர வேண்டாமுங்க.”

கோகிலவாணி நின்ற இடத்திலேயே நின்றாள். தான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா என்று கேட்டாள்.

“ஐயோ, நீங்க ஒண்ணும் பண்ணலீங்க. கோளாறு எங்கிட்டத்தான்.” அவர் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. “காலையில இருந்தே நீங்க எப்ப வருவீங்கன்னு பார்க்கறேன். நீங்க வந்தா மனசு லேசாயிருது. அது நல்லால்லீங்களே. நான் கல்யாணம் ஆனவன். எங்கூட்டுக்காரிக்குத் தெரிஞ்சா மனசு வருத்தப்படுவா.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக நெஞ்சுக்கு வந்து நின்றன.

“அவங்களுக்கு எல்லாந் தெரியுமுங்க,” என்றாள். “ரொம்பத்தான் வருத்தப்பட்டாங்க. என்னென்னவோ பண்ணிப்போட்டாங்க. இப்பப் பரவால்லீங்க.”

லோகநாதன் திரும்பி அவளை நம்பாமல் பார்த்தார். “அவளே சொன்னாளா?”

“அவங்களேதான் சொன்னாங்க.”

அவர் நெடுநாள் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவர்போல மூச்சு விட்டு, தடியின் நுனியால் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“அப்பச் சரிங்க. நிக்காதீங்க, உட்காருங்க,” என்றார்.